சைலன்சரும் ஏர் ஃபில்டரும் மாற்றி பைக்கின் ஓசையைச் சரியாக அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சைலன்சர் மாற்றுவது ஒரு மணி நேர வேலை. ஆனால் அதைச் செய்துவிட்டு, "ஓசை நன்றாகத்தான் இருந்தது, இப்போது வெடிக்கிறது" என்றோ "சத்தம் கூடியது, இழுவை போய்விட்டது" என்றோ வருகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பெரும்பாலும் கோளாறு வாங்கிய பொருளில் இருப்பதில்லை, செய்த வரிசையில் இருக்கிறது. சைலன்சர், ஏர் ஃபில்டர், ட்யூனிங் (காற்றோடு சேரும் பெட்ரோல் அளவைச் சரிசெய்வது) மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது எதைக் கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். முதலில் சைலன்சர், பிறகு காற்று வழி, கடைசியில் ட்யூனிங். கீழே வருவதெல்லாம் இந்த வரிசைப்படிதான்.

உதாரணத்துக்கு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ஐ எடுத்துக்கொள்கிறேன். ஒற்றை சிலிண்டர், ஃபியூயல் இன்ஜெக்ஷன், பிஎஸ் 6 (புகை அளவு விதி) வண்டி. மற்ற வண்டிகளுக்கும் முறை இதேதான். கார்புரேட்டர் வண்டிக்கு எங்கே மாறுகிறது என்பதை 9-ஆம் படியில் சொல்கிறேன்.

1. எதை மாற்ற முடியும், எதை மாற்ற முடியாது

பைக்கின் ஓசையில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன: தாளம், குரல். தாளம் இன்ஜினுக்குள் தீர்மானமாகிறது. குரலைத்தான் சைலன்சரும் காற்று வழியும் தீர்மானிக்கின்றன.

நான்கு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர், கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால் ஒரு முறை எரியும். ஐட்லிங் 1,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 1,000 சுற்று) என்றால் நொடிக்கு 8 அடிக்குச் சற்று அதிகம். அத்தனை மெதுவாக வருவதால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. எல்லாரும் விரும்பும் அந்த 'டுக்-டுக்' அதுதான். 2,400 ஆர்பிஎம்மில் நொடிக்கு 20 அடி. அதற்கு மேலே அடிகள் ஒன்றோடொன்று கலந்து தொடர் முழக்கமாகிவிடும்.

அதே ராயல் என்ஃபீல்டின் 650 இன்டர்செப்டரில் இரண்டு சிலிண்டர், 270 டிகிரி கிராங்க். அடிகள் சம இடைவெளியில் வருவதில்லை. 270 டிகிரிக்கு ஒன்று, அப்புறம் 450 டிகிரிக்கு ஒன்று. அதனால் அதன் ஓட்டம் தாவித் தாவி நடப்பதுபோல இருக்கும். எந்தச் சைலன்சர் போட்டாலும் 350-இல் அந்தத் தாளம் வராது. 200 சிசி வண்டியில் புல்லட் சத்தம் கேட்பவர்களுக்கும் இதுவே பதில். ஐட்லிங்கை மட்டும் இறக்கி அந்த அடியை வரவழைக்கப் பார்க்காதீர்கள். குறைந்த வேகத்தில் ஆயில் அழுத்தம் குறையும், பேட்டரி சார்ஜும் குறையும்.

ஆகவே வேலையைத் தொடங்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: கனமான குரல் வேண்டுமா, கூர்மையான குரல் வேண்டுமா, எந்த வேகத்தில் வேண்டும்? "சத்தமா இருக்கணும்" என்பது மட்டும் பதில் ஆகாது. சத்தத்தைக் கூட்டுவதற்கு ஒரு துளை போதும். குரலை அமைப்பதுதான் வேலை.

2. சட்டத்தை இப்போதே பாருங்கள்

பணம் கட்டிய பிறகு பார்த்துப் பயனில்லை. மத்திய மோட்டார் வாகன விதி 120-இன்படி ஒவ்வொரு வண்டியிலும் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52 தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து விலகும் மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, பிரிவு 182ஏ-வில் அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ உண்டு. சத்தம், புகை விதிகளை மீறி ஓட்டினால் பிரிவு 190(2)-இன்படி 10,000 ரூபாய் வரை அபராதம். லைசென்ஸும் 3 மாதம் போகலாம்.

175 சிசிக்கு மேற்பட்ட இரு சக்கர வண்டிகள் தயாரிப்பு நிலையில் 80 டெசிபெல்லுக்குள் இருக்க வேண்டும். 80 முதல் 175 சிசி வரை 77, அதற்குக் கீழே 75. இது வண்டி முழு ஆக்சிலேட்டரில் கடந்துபோகும்போது 7.5 மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் அளப்பது. சைலன்சர் வாயருகே செல்ஃபோனை நீட்டிப் பார்க்கும் எண்ணை இதோடு ஒப்பிட முடியாது.

கடையில் 'இ' முத்திரை இருக்கிறது, அதனால் போலீஸ் பிடிக்காது என்பார்கள். அது ஐரோப்பிய அனுமதி முத்திரை. இந்தியச் சாலைக்கு அது அனுமதி ஆகாது. உங்கள் மாடலின் பெயர் சொல்லி ஏஆர்ஏஐ போன்ற சோதனை மையத்தின் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். 'ரேஸ் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று பொறித்திருந்தால் அது பந்தயத் தடத்துக்கான பொருள்தான். வாரண்டியும் இன்ஷூரன்ஸ் கிளெய்மும் என்ன ஆகும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

3. இப்போது இருக்கும் ஓசையைப் பதிவு செய்யுங்கள்

பத்துப் பேரில் ஒன்பது பேர் தவிர்க்கும் படி இது. பழைய ஓசை பதிவில் இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் காது புதியதற்குப் பழகிவிடும், அப்புறம் ஒப்பிட எதுவும் இருக்காது.

திறந்த வெளி வேண்டும். சுவர், காம்பவுண்டு, நிற்கும் கார் எல்லாம் 3 மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும், இல்லையென்றால் எதிரொலியும் சேர்ந்து பதிவாகும். அதிகாலை நல்லது. வண்டியை 10 நிமிடம் ஓட்டிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த இன்ஜினில் ஐட்லிங் உயர்ந்திருக்கும்.

செல்ஃபோனை ஸ்டாண்டில் வையுங்கள். சைலன்சர் வாய்க்கு அரை மீட்டர் தூரம், புகை போகும் திசைக்கு 45 டிகிரி பக்கவாட்டில், வாயின் அதே உயரம். நின்ற நிலைச் சோதனைக்கு உலகம் முழுக்கப் பயன்படும் அளவு இது. முழுப் பவர் வரும் ஆர்பிஎம்மில் பாதி வேகத்தில் நிறுத்திப் பிடியுங்கள். கிளாசிக் 350-க்கு முழுப் பவர் 6,100-இல், ஆகவே சுமார் 3,050.

கிளாசிக்கில் டாக்கோமீட்டர் (ஆர்பிஎம் காட்டும் மீட்டர்) கிடையாதே என்று கேட்பீர்கள். ஒலி அலைவரிசையைக் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். 3,000 ஆர்பிஎம்மில் ஒற்றை சிலிண்டரின் அடி 25 ஹெர்ட்ஸ். அத்தனை கீழே செல்ஃபோன் மைக் சரியாகப் பிடிக்காது. ஆனால் அதன் மடங்குகள் 50, 75, 100 என்று வரிசையாகச் சிகரம் கட்டி நிற்கும். இரண்டு சிகரங்களுக்கு நடுவே 25 இருந்தால் நீங்கள் 3,000-இல் இருக்கிறீர்கள்.

மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள். ஐட்லிங் ஒரு பதிவு, ஆக்சிலேட்டரை விட்டு வேகம் இறங்குவது ஒரு பதிவு. கடைசியாக, நண்பரை ஓட்டச் சொல்லி நீங்கள் தெருவோரம் நின்று ஒரு பதிவு. தெரு கேட்பது இந்தக் கடைசிப் பதிவைத்தான்.

டெசிபெல் எண்ணில் ஒரு ஏமாற்று இருக்கிறது. மனிதக் காதின் உணர்வுக்கு ஏற்ப, அதாவது 'ஏ' எடையில் அளக்கும் மீட்டர், 25 ஹெர்ட்ஸ் ஒலியைச் சுமார் 45 டெசிபெல் குறைத்தே கணக்கில் எடுக்கும். அதனால் எண் ஏறாமலேயே பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். எண்ணை மட்டும் நம்பாமல் இரண்டு வீடு தள்ளி நின்று நீங்களே கேளுங்கள்.

4. கையில் இருக்க வேண்டியவை

புதிய கேஸ்கெட் (கசியாமல் அடைக்கும் வளையம்): இன்ஜின் ஹெட்டில் பைப் சேரும் இடத்துக்கு ஒன்று, சைலன்சர் இணைப்புக்கு ஒன்று. துரு இளக்கும் ஸ்ப்ரே. அளவு சரியான சாக்கெட், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்), உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல். ஆக்சிஜன் சென்சாருக்கு (புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளப்பது) பக்கம் வெட்டிய சாக்கெட். மரை இறுகி ஒட்டாமல் இருக்கத் தடவும் ஆன்டி சீஸ் பேஸ்ட், சோப்புத் தண்ணீர் ஸ்ப்ரே, சுத்தமான துணி, கையுறை. பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டு மிச்சம் பிடிக்க வேண்டாம். அது ஒருமுறை நசுங்கி வடிவம் எடுத்துவிட்டது, இன்னொரு பைப்பின் வாய்க்குப் பொருந்தாது.

5. சைலன்சரைத் தேர்ந்தெடுப்பது

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு வகை. ஒன்றில் தடுப்பறைகள் இருக்கும். புகை ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்பித் திரும்பிப் போகும். அலைகள் ஒன்றையொன்று அடித்து அடங்குவதால் கீழ்க்குரல் நன்றாகக் கட்டுப்படும். மற்றது ஃப்ரீ ஃப்ளோ: துளை போட்ட நேர்க்குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிக் கம்பளி. கம்பளி கூர்மையான மேல்குரலை உறிஞ்சும், கீழ்க்குரலை விட்டுவிடும்.

கனமான குரல் வேண்டும் என்றால் உடம்பு நீளமாகவும் கொள்ளளவு பெரிதாகவும் இருக்க வேண்டும். குட்டைச் சைலன்சரில் கம்பளிக்கே இடம் இருக்காது. சத்தம் உலோகத் தகட்டைத் தட்டியதுபோல வரும். படத்தில் அழகாகத் தெரிகிறது என்று குட்டையை வாங்கிவிட்டு, ஓசை 'ஜர்' என்று கிழிகிறதே என்று வருந்துகிறவர்கள் அதிகம்.

வாயில் செருகிக் கழற்றும் டிபி கில்லர் (சத்தம் குறைக்கும் செருகி) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைப் போட்ட நிலையிலேயே ஓசை பிடித்திருக்கிறதா என்று கேட்டுப்பார்த்து வாங்குங்கள். கழற்றினால்தான் பிடிக்கிறது என்றால் அந்தச் சைலன்சர் உங்களுக்கானது இல்லை.

புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், பெண்ட் பைப்பில் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்கு வளைந்து வரும் குழாய்) இருக்கிறதா, சைலன்சருக்குள் இருக்கிறதா என்று உங்கள் வண்டியிலேயே பார்த்துவிடுங்கள். சைலன்சருக்குள் இருந்தால், அதை மாற்றும்போது கன்வெர்ட்டரும் போய்விடும். புகைச் சோதனையில் தேறாது. பெண்ட் பைப்பைத் தொடாமல் பின்பகுதியை மட்டும் மாற்றுவதே முதல்முறை செய்பவருக்கு ஏற்றது. பைப்பின் வெளி விட்டத்தை வெர்னியரில் அளந்து எழுதி வையுங்கள். 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று விற்கும் சைலன்சர்கள் ஷிம் (இடைவெளி நிரப்பும் மெல்லிய தகடு) வைத்துத்தான் பொருந்தும், அங்கேதான் கசியும்.

ஒரிஜினல் சைலன்சருக்குள் கம்பியை விட்டுத் தடுப்பை உடைப்பது, பின்தகட்டில் துளை போடுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். அறை இல்லை, கம்பளியும் இல்லை. வருவது வெறும் இரைச்சல், திரும்பப் போட நல்ல சைலன்சரும் இருக்காது.

6. கழற்றுவது

முந்தின நாள் இரவே நட்டுகளில் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து விடுங்கள். காலையில் இன்ஜின் முழுக்கக் குளிர்ந்த பிறகே ஸ்பேனர் போடுங்கள். ஹெட்டில் இருக்கும் ஸ்டட் (நட் மாட்டும் மரைக்கம்பி) உடைந்தால் உடைந்த துண்டை எடுக்க ஹெட்டையே கழற்ற வேண்டி வரும். நட் நகர மறுத்தால் கொஞ்சம் இறுக்கி, அப்புறம் தளர்த்துங்கள். முன்னும் பின்னுமாகப் போனால் துரு உதிர்ந்து வழிவிடும்.

ஆக்சிஜன் சென்சார் பெண்ட் பைப்பில் இருந்து, பெண்ட் பைப்பையும் கழற்றுவதாக இருந்தால், முதலில் அதன் கனெக்டரைப் பிரியுங்கள். கனெக்டர் மாட்டியிருக்கும்போதே சென்சாரைச் சுற்றினால் உள்ளே வயர் முறுக்கிக்கொண்டு அறும். சென்சாரின் நுனியில் எண்ணெயோ பேஸ்ட்டோ படக்கூடாது.

கடைசி போல்ட்டை எடுக்கும் முன் சைலன்சருக்கு அடியில் ஒரு மரக்கட்டை கொடுங்கள். அதன் எடை மொத்தமும் இணைப்பில் தொங்கினால் பைப் வாய் வளைந்துவிடும். கழற்றியதைத் துடைத்து எண்ணெய் தடவி, துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள்.

7. மாட்டுவது

எல்லாவற்றையும் முதலில் கையால் மட்டும் மாட்டுங்கள். எந்த நட்டையும் இறுக்க வேண்டாம். பைப், கிளாம்ப், பிராக்கெட் மூன்றும் தாமாக ஒரு கோட்டில் வந்து உட்காரட்டும்.

அப்புறம் இன்ஜின் பக்கத்திலிருந்து பின்னோக்கி இறுக்குங்கள்: ஹெட்டில் பைப்பைப் பிடிக்கும் நட்டுகள், நடு கிளாம்ப், கடைசியில் பிராக்கெட் போல்ட். அங்கே இரண்டு நட் இருந்தால் இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் என்று மாறி மாறி. பிராக்கெட்டை முதலில் இறுக்கிவிட்டால் பைப் இழுபட்ட நிலையில் பூட்டிக்கொள்ளும். ஒற்றை சிலிண்டரின் அதிர்வில் அந்த இழுவிசை சில வாரத்தில் பிராக்கெட்டையோ வெல்டிங்கையோ பிளக்கும். பிராக்கெட் துளை போல்ட்டுக்கு நேராக வரவில்லையென்றால் இழுத்துப் பிடித்துப் போடாதீர்கள், வாஷர் வைத்து இடைவெளியை நிரப்புங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் பைப் முழுவதையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். விரல் ரேகையின் எண்ணெய் முதல் சூட்டில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பழுப்புக் கறையாகச் சுட்டுவிடும். அது எளிதில் போகாது.

8. கசிவு பார்ப்பது, இரண்டாவது பதிவு

ஒரு தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சர் 'டப் டப்' என்று வெடித்தது. "அண்ணா, பெட்ரோல் அளவை மாத்துற ட்யூனிங் பாக்ஸ் போட்டும் சரியாகலை" என்றான். குனிந்து பார்த்தேன். கிளாம்ப் இடுக்கில் மை தீட்டியதுபோல மெல்லிய கருங்கோடு. விரலை வைத்தால் கரி ஒட்டியது. பழைய கேஸ்கெட்டையே போட்டிருந்தார்கள். புதியது போட்டதும் வெடி நின்றது.

நடப்பது இதுதான். ஆக்சிலேட்டரை விடும்போது எரியாத பெட்ரோல் கொஞ்சம் பைப்புக்குள் வரும். ஒவ்வொரு அடிக்குப் பின்னும் பைப்பில் அழுத்தம் ஒரு கணம் வெளிக்காற்றைவிடக் குறையும். இடுக்கு இருந்தால் அதன் வழியே காற்று உள்ளே போகும். சூட்டில் இரண்டும் சேர்ந்தால் வெடிக்கும். கூடவே அந்தக் காற்று ஆக்சிஜன் சென்சாரை ஏமாற்றும். பெட்ரோல் குறைவு என்று நினைத்து இன்ஜினை இயக்கும் கணினி தேவையில்லாமல் கூட்டிக் கொடுக்கும். கசிவு இருக்கும்போது செய்யும் எந்த ட்யூனிங்கும் வீண்.

சோதனை எளிது. குளிர்ந்த இன்ஜினில் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் அடித்து ஸ்டார்ட் செய்யுங்கள். கையுறை போட்டு, தடித்த துணியால் சைலன்சர் வாயைப் பாதி மூடுங்கள். இணைப்பில் நுரை கொப்பளித்தால் கசிவு. முதல் நிமிடத்துக்குள் பார்த்துவிடுங்கள், அப்புறம் பைப் சுடும்.

புதிய சைலன்சர் முதல் சூட்டில் கொஞ்சம் புகையும். உள்ளே இருக்கும் எண்ணெயும் கம்பளியின் பசையும் எரிவதுதான் அது. அரை மணி நேரம் நிதானமாக ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, எல்லா நட்டுகளையும் மறுபடி டார்க் ரெஞ்சில் பாருங்கள். சூட்டில் விரிந்து சுருங்கிய பிறகு ஒன்றிரண்டு நிச்சயம் தளர்ந்திருக்கும். அதற்கு அடுத்த நாள் 3-ஆம் படியில் செய்த அதே இடத்தில், அதே தூரத்தில் பதிவு எடுங்கள். 10 டெசிபெல் கூடியிருந்தால் காதுக்குச் சுமார் இரண்டு மடங்கு. அப்படி வந்தால் டிபி கில்லரை மாட்டுங்கள், அல்லது திருப்பிக் கொடுங்கள். ஏர் ஃபில்டருக்குப் போகாதீர்கள்.

9. காற்று வழி, ட்யூனிங்

ஏர் ஃபில்டர் மாற்றினால் ஓசை ஏன் மாறுகிறது என்பது பலருக்குப் புதிது. ஃபில்டர் உட்காரும் ஏர் பாக்ஸ் வெறும் டப்பா இல்லை. காலி பாட்டில் வாயில் ஊதினால் ஒரு சுரம் வருமே, அதே போன்ற அமைப்பு. காற்று உள்ளே நுழையும் மூக்குக்குழாயின் நீளமும் விட்டமும் டப்பாவின் கொள்ளளவும் சேர்ந்து இன்ஜின் மூச்சிழுக்கும் ஓசையை அடக்கிவைக்கின்றன. குழாயை வெட்டினாலோ அகலமாக்கினாலோ அந்த அடக்கம் போய், ஆக்சிலேட்டரைத் திறந்ததும் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு உறுமல் கிளம்பும்.

எனக்குப் பிடித்த ஓசை இதுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவு முடிந்து ஆக்சிலேட்டரைத் திறக்கும் நேரத்தில் டேங்குக்கு அடியில் அது எழுவது கேட்கும். தெருவில் நிற்பவருக்கு அநேகமாகக் கேட்காது, ஓட்டுபவருக்கு மட்டும். ஓசை ஆசையால்தான் இந்த வேலையில் இறங்குகிறீர்கள் என்றால், ஒரிஜினல் சைலன்சரை வைத்துக்கொண்டு காற்று வழியை மட்டும் கொஞ்சம் திறப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சல்தான் ஆளும், பின்னால் இருக்கும் சைலன்சரை நீங்கள் கேட்பதே குறைவு. (காது அடைப்பான் போடுங்கள், நீண்ட பயணத்துக்கு அது கட்டாயம்.)

முதலில் ஒரிஜினல் ஏர் பாக்ஸுக்குள் பொருந்தும் ஃபில்டரை மட்டும் மாற்றுங்கள். மூக்குக்குழாயை வெட்டாமல் கழற்றி எடுத்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் திரும்ப மாட்டிவிடலாம். ஏர் பாக்ஸையே தூக்கிவிட்டு, கூம்பு ஃபில்டரைத் திறந்த நிலையில் மாட்டுவது நம் ஊர்த் தூசிக்கும் ஐப்பசி மழைக்கும் ஆகாது. எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால் அது சென்சார்களில் படியும். குறைந்தால் தூசி உள்ளே போய் சிலிண்டரைத் தேய்க்கும். கொடுத்த அளவுக்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம்.

ஃபில்டர் மாற்றி 100 கிலோமீட்டர் ஓட்டி மூன்றாவது பதிவு எடுங்கள். அப்புறமே ட்யூனிங் தேவையா என்று யோசியுங்கள்.

ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டி ஒரே வேகத்தில் போகும்போது ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து, காற்றுக்கும் பெட்ரோலுக்கும் சரியான விகிதத்தை (எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு 14.7-க்கு 1) தானே பிடித்துக்கொள்ளும். சைலன்சர் மட்டும் மாற்றியிருந்தால் பெரும்பாலும் இதுவே போதும். முழு ஆக்சிலேட்டரில் கணினி சென்சாரைக் கேட்காது, தனக்குள் எழுதிய அட்டவணையைப் பின்பற்றும். காற்று வழியைத் திறந்தவர்களுக்கு அங்கேதான் பெட்ரோல் குறையும். மேட்டில் முழுதாகத் திறந்தால் தயங்குவது, பைப் வழக்கத்துக்கு மேல் நீலம் பாய்வது, ஸ்பார்க் பிளக் வெளுத்திருப்பது இதற்கு அடையாளம். பெட்ரோல் அதிகமானால் பிளக்கிலும் சைலன்சர் வாயிலும் கரி படியும், மைலேஜ் இறங்கும். ட்யூனிங் என்றால் டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டிப் பவரை அளக்கும் எந்திரம்) வைத்து, விகித மீட்டர் மாட்டிச் செய்பவரிடம் போங்கள். சென்சார் வயரில் ரெசிஸ்டர் வைத்து ஏமாற்றும் குறுக்குவழிகள் எல்லா வேகத்திலும் பெட்ரோலைக் கொட்டும், கன்வெர்ட்டரையும் கெடுக்கும்.

கார்புரேட்டரில் தானாகச் சரிசெய்ய யாரும் இல்லை. மெயின் ஜெட்டை (பெட்ரோல் வரும் துளைத் திருகு) ஒரு அளவு ஏற்றி ஓட்டுங்கள், பிளக்கைப் பாருங்கள், பிறகு அடுத்தது. சமவெளியில் கச்சிதமாக அமைத்தது 2,240 மீட்டர் உயர ஊட்டியில் கரி கக்கும். அங்கே காற்று மெலிது. அதற்காக அங்கே ஜெட்டை மாற்றாதீர்கள், இறங்கினால் பெட்ரோல் குறைந்துவிடும்.

10. சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து

கண்ணாடிக் கம்பளி சூட்டில் எரிந்து, தூளாகிக் காற்றோடு போய்க்கொண்டே இருக்கும். தினமும் ஓட்டுபவருக்கு அது தெரியாது. 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதே இடத்தில் பதிவு எடுத்து, இரண்டாவது பதிவோடு ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். கூர்மை ஏறி, உலோக ஒலி தலைகாட்டியிருந்தால் ரிவெட்டுகளைப் பிரித்துப் புதுக் கம்பளி சுற்றும் நேரம் வந்துவிட்டது. முகமூடியும் கையுறையும் இல்லாமல் பழைய கம்பளியைத் தொடாதீர்கள்.